விதைக்கு விடும் செடி: எதை நடுவது, எதிலிருந்து விதை எடுப்பது

விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா என்று பழமொழி கேட்கிறது. என்னைக் கேட்டால் முளைக்கும் என்பேன். ஒரு வருடம் உருண்டைப் பரங்கியும் நீளப் பரங்கியும் பக்கத்துப் பக்கத்தில் நட்டேன். இரண்டும் நன்றாகவே காய்த்தன. இருப்பதிலேயே அழகான உருண்டைக் காயைப் பழுக்கவிட்டு, விதை எடுத்து, கழுவிக் காயவைத்து, பெயர் எழுதி பத்திரமாக வைத்தேன். அடுத்த பருவத்தில் அந்த விதையில் வந்த கொடிகள் சிலவற்றில் உருண்டைக் காய், சிலவற்றில் கழுத்து நீண்டு அடி பெருத்த ஏதோ ஒன்று. சதையும் தண்ணீராக இருந்தது.

கழுவியதிலோ காயவைத்ததிலோ தப்பில்லை. தப்பு, நட்ட அன்றைக்கே நடந்துவிட்டது. விதை சேமிப்பைப் பருவக் கடைசியில் பார்த்துக்கொள்ளும் வேலையாக நினைத்தால் இப்படித்தான் ஆகும். எதை நடுவது என்று யோசிக்கும்போதே எதிலிருந்து விதை எடுப்பது என்பதையும் முடிவு செய்துவிட வேண்டும். அதனால் இங்கேயும் நடவிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் வெயில், அப்புறம் ஆசை

விதைப் பொட்டலங்களைப் பார்ப்பதற்கு முன்னால் ஒருநாள் முழுக்கத் தோட்டத்தைப் பாருங்கள். மொட்டை மாடியானாலும் பால்கனியானாலும் சரி. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, எந்த இடத்தில் நேர் வெயில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொடிக்காய்கள் எல்லாவற்றுக்கும் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். 8 மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. கீரைகள் 3, 4 மணி நேரத்திலும் ஒப்பேற்றிவிடும். வெயில் இல்லாத மூலையில் மிளகாயை வைத்துவிட்டு உரத்தையும் மண்ணையும் குறை சொல்வதில் பயனில்லை.

அப்புறம், வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது. கேட்பதற்கு வெகு சாதாரணமான கேள்விதான். ஆனால் யாருமே தொடாத காயை, அதன் நிறம் பிடித்திருக்கிறது என்பதற்காக வளர்ப்பவர்கள் நிறைய பேர். நானும் அதில் ஒருவன். வருடத்துக்கு ஒரு வேடிக்கைச் செடி இருக்கலாம், தப்பில்லை. மற்ற இடமெல்லாம் சாப்பிடும் காய்க்குப் போகட்டும்.

விதை எடுப்பவருக்கு இடக்கணக்கு கொஞ்சம் கூடும். விதைக்கு விட்ட செடி சீக்கிரம் இடத்தைக் காலி செய்யாது. முள்ளங்கியை 30 நாளில் பிடுங்கிவிடலாம். அதே முள்ளங்கி பூத்து, காய்த்து, காய் காயும்வரை நிற்க இன்னும் பல வாரம் வேண்டும், உயரமும் இடுப்புக்கு மேலே போய்விடும். அதனால் நிழல் விழுந்தாலும் யாருக்கும் தொந்தரவில்லாத ஓர் ஓரத்தை விதைச் செடிகளுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது?

வாங்கும் விதை வீரிய ஒட்டுரகமா, நாட்டு ரகமா என்று பாருங்கள். பொட்டலத்தில் ஹைபிரிட் என்றோ எஃப்1 என்றோ இருந்தால் அது ஒட்டுரகம். அதைச் சாப்பிட வளர்ப்பதில் எந்தக் கெடுதலும் இல்லை. விளைச்சலும் நன்றாக இருக்கும். ஆனால் அதிலிருந்து எடுத்த விதையில் அதே செடி வராது.

காரணத்தைப் புரிந்துகொள்ள கிரிகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கே போதும். உயரமான பட்டாணியையும் குட்டையான பட்டாணியையும் அவர் கலந்தபோது முதல் தலைமுறை முழுக்க உயரமாகவே வந்தது. அந்தச் செடிகளின் விதையைப் போட்டதும் 787 செடி உயரமாகவும் 277 செடி குட்டையாகவும் பிரிந்தன. பொட்டலத்தில் நீங்கள் வாங்கும் ஒட்டுரகம் அந்த முதல் தலைமுறை. அதன் விதையைப் போட்டால் உள்ளே மறைந்திருந்த தாத்தா பாட்டி குணமெல்லாம் வெளியே வரும். மெண்டல் எண்ணியது உயரம் என்ற ஒரு குணத்தை. நிசமான ஒட்டுரகத்தில் பெற்றோர் இரண்டும் எத்தனையோ குணங்களில் வேறுபட்டிருக்கும், எல்லாமே ஒரே சமயத்தில் பிரியும்.

ஆக, விதை எடுக்கும் எண்ணம் இருந்தால் நாட்டு ரகமோ, ஒட்டில்லாத தேர்வு ரகமோ வாங்குங்கள். தெரிந்தவர் தோட்டத்திலிருந்து வந்த விதை என்றால், அவர் பக்கத்தில் வேறென்ன வளர்த்தார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பூவைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது

சில செடிகள் தன் பூவிலேயே தன் மகரந்தத்தைச் சேர்த்துக்கொள்ளும். தக்காளி, பீன்ஸ், பட்டாணி, காராமணி இந்த வகை. பூ விரிவதற்குள்ளாகவே பெரும்பாலும் வேலை முடிந்திருக்கும். புதிதாக விதை எடுக்கத் தொடங்குகிறவர் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. இரண்டு தக்காளி ரகங்களைச் சில மீட்டர் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் கலப்பு வராது. 5, 6 செடி இருந்தால் தாராளம்.

கத்தரி, வெண்டை, மிளகாய் இரண்டுங்கெட்டான். தானாகவும் சேரும், தேனீ வந்தால் கலக்கவும் செய்யும். மிளகாயில் கவனம் கொஞ்சம் அதிகமாகவே வேண்டும். காரமில்லாத குடைமிளகாயும் பெரும்பாலான கார மிளகாய்களும் ஒரே இனம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, குடைமிளகாயின் விதையை எடுத்துப் போட்டால் அடுத்த வருடம் நாக்கு எரியலாம். இதற்கு எளிய வழி, மொட்டாக இருக்கும்போதே ஒரு கிளையை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடிக் கட்டிவிடுவது. பூக்கும் நாள்களில் பையை லேசாகத் தட்டிவிடுங்கள். காய் பிடித்ததும் பையைக் கழற்றிவிட்டு, அந்தக் காய்களின் காம்பில் நூல் கட்டிவையுங்கள். எல்லாக் காயும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நூல் இல்லாவிட்டால் அடையாளம் தெரியாது.

பூசணிக் குடும்பத்தில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூச்சி வந்தால்தான் காய். அதனால் கலப்பும் சகஜம். ஆனால் எது எதோடு கலக்கும் என்பதில்தான் நிறைய கட்டுக்கதை. ஒரே இனத்துக்குள் இருக்கும் ரகங்கள் தாராளமாகக் கலக்கும், இனம் வேறானால் பெரும்பாலும் கலக்காது. பரங்கியும் வெண்பூசணியும் பெயரில்தான் சொந்தம், ஒன்றோடொன்று கலக்காது. வெள்ளரிக்காயும் முலாம்பழமும் கலக்காது. ஆனால் பழுத்தால் வெடிக்கும் வெள்ளரிப்பழம் உண்மையில் முலாம்பழத்தின் இனம், இந்த இரண்டும் கலக்கும்! சுரைக்காயில் குண்டும் நீளமும் கலக்கும், பாகலில் பெரியதும் சிறியதும் கலக்கும்.

இன்னொன்று. கலப்பு நடந்தாலும் இந்த வருடத்துக் காயில் தெரியாது. காயின் தோலும் சதையும் தாய்ச்செடியுடையவை. விதைக்குள் இருக்கும் குழந்தைதான் கலப்பு. என் உருண்டைப் பரங்கி அழகாக இருந்து என்னை ஏமாற்றியது இதனால்தான். மக்காச்சோளம் மட்டும் விதிவிலக்கு: அங்கே நாம் தின்பதே விதை என்பதால் கலப்பு அதே கதிரில் தெரிந்துவிடும்.

மக்காச்சோளத்தை வீட்டுத் தோட்டத்தில் விதைக்கு வளர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. காற்றில் மகரந்தம் வெகுதூரம் போகும். நூறு செடியாவது இல்லாவிட்டால் சில தலைமுறைகளிலேயே செடி நோஞ்சானாகிவிடும். முட்டைக்கோஸ், கேரட், வெங்காயம் ஆகியவையும் பிறகு பார்க்கலாம். அவற்றில் பெரும்பாலான ரகங்கள் ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் பூக்கும்.

இவ்வளவையும் நினைவில் வைப்பது சிரமம் என்றால் ஒரே விதி போதும்: கலக்கும் பயிரில் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு ரகம். இந்த வருடம் உருண்டை, அடுத்த வருடம் நீளம். விதை சில வருடம் தாங்கும், அவசரமில்லை. பக்கத்து வீட்டில் வேறு ரகம் இருந்தால்தான் இது உதவாது. அப்போது கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும்.

கையால் மகரந்தம் சேர்ப்பது

பரங்கியை வைத்துச் சொல்கிறேன், பூ பெரியது, பழக எளிது.

சாயங்காலம் கொடியைச் சுற்றி வாருங்கள். மறுநாள் விரியப்போகும் மொட்டு நுனியில் மஞ்சள் ஏறி, இன்னும் மூடியபடி இருக்கும். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண், வெறும் காம்பு என்றால் ஆண். ஒரு பெண் மொட்டையும் இரண்டு மூன்று ஆண் மொட்டுகளையும் தேர்ந்தெடுத்து, நுனியைக் காகித டேப்பாலோ நூலாலோ விரியாதபடி கட்டிவிடுங்கள். ஒரே ரகத்தில் வேறு கொடி இருந்தால் ஆண் பூவை அதிலிருந்து எடுப்பது இன்னும் நல்லது.

மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்குள் போங்கள். உச்சிக்கு வந்தால் மகரந்தத்தில் உயிர் குறைந்துவிடும். ஆண் பூக்களைக் காம்போடு பறித்து இதழைக் கிழித்துவிட்டால் நடுவில் மகரந்தத் தண்டு மட்டும் தூரிகைபோல நிற்கும். பெண் பூவின் கட்டை மெதுவாக அவிழ்த்து, உள்ளே இருக்கும் சூல்முடியின் எல்லா மடிப்பிலும் படும்படி தடவுங்கள். தடவும்போதே ஒரு தேனீ உள்ளே புகுந்துவிட்டால் அந்தப் பூவை விட்டுவிட வேண்டியதுதான், அது எங்கே போய்விட்டு வருகிறதோ. தடவி முடித்ததும் இதழைச் சேர்த்து மீண்டும் டேப் ஒட்டுங்கள். காம்பில் ஒரு நிற நூல், தேதி எழுதிய அட்டை. நூலை இறுக்கிக் கட்டாதீர்கள், காம்பு பருக்கும்.

ஒரு வாரத்தில் பிஞ்சு பெருக்க ஆரம்பித்தால் வெற்றி. மஞ்சளாகி உதிர்ந்தால் இன்னொரு பூ. கொடியில் ஏற்கெனவே இரண்டு மூன்று காய் முற்றிக்கொண்டிருந்தால் புதுப் பிஞ்சை அது தாங்காமல் உதிர்க்கும். அதனால் முதலில் வரும் பெண் பூக்களிலேயே இதைச் செய்துவிடுங்கள்.

பாகல், வெள்ளரிக்கும் இதே நேரம்தான். சுரை, புடலை, பீர்க்கு சாயங்காலம் விரியும் பூக்கள். அவற்றை மதியமே கட்டிவைத்து, பொழுது சாயும்போது தடவ வேண்டும்.

எந்தச் செடியை விதைக்கு விடுவது?

இதில் பலரும் செய்வது, பறித்துச் சாப்பிட்டது போக பருவக் கடைசியில் எஞ்சிய முற்றல் காயை விதைக்கு வைப்பது. நோயில் அரைகுறையாக நிற்கும் செடியின் கடைசிக் காய் அது. அதற்குப் பதிலாக, செடி திடமாக இருக்கும்போதே, இரண்டாவது மூன்றாவதாக வந்த காயை நூல் கட்டி ஒதுக்கிவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லியும் வையுங்கள். நூல் கட்டிய கத்தரிக்காய் குழம்புக்குப் போன கதை எனக்கு இரண்டு உண்டு.

பார்க்க வேண்டியது முழுச் செடியை. ஒரே ஒரு பெரிய காய் காய்த்த செடியைவிட, ஒழுங்காகப் பதினைந்து காய் காய்த்த செடி மேல். இலை சுருண்டது, தேமல் விழுந்தது, வளர்ச்சி குன்றியது எதையும் விதைக்கு வைக்காதீர்கள். பீன்ஸின் தேமல் நோய் போன்ற சில வைரஸ்கள் விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும். கீரையிலும் முள்ளங்கியிலும் முதலில் பூத்த செடியைப் பார்த்து மகிழ்ந்து அதையே விதைக்கு விடுகிறோம். அது தலைகீழ்த் தேர்வு. சீக்கிரம் பூக்கும் குணத்தையல்லவா பெருக்குகிறோம்? கடைசியாகப் பூக்கும் செடியை விடுங்கள், இலை கிடைக்கும் நாள்கள் கூடும்.

சுரை, வெள்ளரி, பரங்கியில் ஒரு துண்டு நறுக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, அந்தக் காயையும் அதன் விதையையும் தூக்கி எறியுங்கள். கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டசின் என்ற பொருள் சமைத்தாலும் போகாது, வாந்தி வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோய்விடும். காட்டுச் சுரை, அலங்காரப் பூசணிகளோடு கலந்த விதையில் இந்தக் கசப்பு தலைகாட்டும்.

காய் எப்போது விதையாகிறது?

நாம் சாப்பிடும் பருவமும் விதை முற்றும் பருவமும் தக்காளிக்கும் பழுத்த மிளகாய்க்கும் ஒன்று. மற்ற பலவற்றுக்கு வேறு. வெண்டை செடியிலேயே பழுப்பாகிக் காய்ந்து விளிம்பில் வெடிக்கத் தொடங்க வேண்டும். பீன்ஸ், காராமணி நெற்றாகி, குலுக்கினால் சலசலக்க வேண்டும். மழை வரும்போல இருந்தால் முக்கால்வாசி காய்ந்த நெற்றைச் செடியோடு பிடுங்கி நிழலில் தலைகீழாகத் தொங்கவிடலாம்.

கத்தரி தோல் மஞ்சளோ பழுப்போ ஆகி, தொட்டால் மெத்தென்று இருக்கும் வரை விடுங்கள். வெள்ளரியும் மஞ்சளாகிக் கனக்க வேண்டும். பரங்கியை நகத்தால் கீறினால் பதியாத அளவு முற்றவிட்டுப் பறித்து, மேலும் 3, 4 வாரம் அப்படியே வையுங்கள். உள்ளே விதை தொடர்ந்து பருக்கும். பீர்க்கு, சுரை கொடியிலேயே கூடாகக் காயும். காய்ந்த பீர்க்கின் நுனி மூடியைத் தட்டிவிட்டால் விதை தானாகக் கொட்டும், கூடு உடம்பு தேய்க்க ஆகும். பாகல் ஆரஞ்சு நிறமாகி வெடிக்கும். சிவப்புச் சவ்வை அலசி எடுத்துவிடுங்கள்.

தக்காளிக்குத்தான் கொஞ்சம் வேலை. விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பு, முளைப்பைத் தடுத்துவைப்பது. அதைப் புளிக்கவைத்தே எடுக்க வேண்டும். நன்கு பழுத்த பழத்தைக் குறுக்காக வெட்டி, விதையையும் சாற்றையும் ஒரு கண்ணாடி டம்ளரில் பிழியுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஊற்றினால் புளிப்பது மந்தமாகும். துணியால் மூடி, நேர் வெயில் படாத இடத்தில் 2 நாளோ 3 நாளோ வைத்து, தினம் ஒருமுறை கலக்குங்கள். மேலே வெள்ளைப் படலம் வரும், வாடையும் வரும். சமையலறைக்கு வெளியே வைப்பது குடும்ப அமைதிக்கு நல்லது. வெக்கையான நாள்களில் 2 நாளே போதும், விட்டுவிட்டால் டம்ளருக்குள்ளேயே முளைத்துவிடும். பிறகு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், பொக்கும் சக்கையும் மிதக்கும். மிதப்பதை ஊற்றிவிட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். பீங்கான் தட்டிலோ வலையிலோ பரப்புங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு காகிதத்தோடு சேர்த்து விதைக்க வேண்டிவரும்.

வெள்ளரி விதையையும் இப்படியே ஒருநாள் வைத்து எடுக்கலாம். கத்தரியைத் தண்ணீரில் பிசைந்தாலே விதை அடியில் தங்கிவிடும். மிளகாய் விதையை எடுக்கும்போது கையுறை போடுங்கள், இதற்கு விளக்கம் தேவையில்லை.

காயவைப்பதும் அடைத்து வைப்பதும்

வீட்டு விதை கெட்டுப்போவதில் பெரும்பங்கு இங்கேதான். பார்க்கக் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும்.

நிழலில், காற்றோட்டத்தில், ஒரே அடுக்காகப் பரப்பி ஒன்றிரண்டு வாரம். மின்விசிறிக் காற்று நல்லது. சுடும் தரையிலோ அடுப்பிலோ வேண்டாம். 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் ஈர விதையின் உயிர் கெடும். சோதனை எளிது. பரங்கி விதையை வளைத்தால் வளையாமல் பட்டென்று ஒடிய வேண்டும். பீன்ஸைச் சுத்தியலால் தட்டினால் நசுங்காமல் தெறித்து உடைய வேண்டும். காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும் இடமென்றால் இது தானாக நடக்காது. விதையின் எடைக்குச் சமமாக சிலிகா ஜெல்லைத் துணியில் முடிந்து, விதையோடு மூடி இறுகிய பாட்டிலில் ஒரு வாரம் வையுங்கள். அப்புறம் முடிச்சை எடுத்துவிடலாம்.

விதை ஆராய்ச்சியாளர் ஹாரிங்டன் சொன்ன இரண்டு கணக்குகள் உண்டு. விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே. துல்லியமான சூத்திரமில்லை, ஆனால் கைக்கணக்காக நன்றாக உதவும். அலமாரியில் காகித உறையில் வைத்த விதை ஏன் ஒரு வருடத்தில் சோர்கிறது, நன்றாகக் காய்ந்து, இறுக மூடி, குளிர்பதனப் பெட்டியில் வைத்தது ஏன் பல வருடம் நிற்கிறது என்பது இதில் புரிந்துவிடும். காகித உறை ஈரத்தைத் தடுக்காது. உறைகளைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடுங்கள். குளிரிலிருந்து எடுத்ததும் உடனே திறக்காதீர்கள். ஜாடி அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லாவிட்டால் விதைமேல் வியர்க்கும்.

பயறு வகைகளில் வண்டு தொல்லை. முட்டை தோட்டத்திலேயே நெற்றின்மேல் வந்துவிடும், நாம் அதைச் சேர்த்தே அடைக்கிறோம். நன்கு காய்ந்த பயற்றை ஜாடியோடு உறைநிலைப் பெட்டியில் ஒரு வாரம் வைத்தால் தீர்ந்தது. ஈரமுள்ள விதையை மட்டும் அங்கே வைக்காதீர்கள், அதுவும் சேர்ந்து செத்துப்போகும்.

மா, பலா, கறிவேப்பிலை இந்த விதிகளுக்குள் வராது. அவற்றின் விதை காய்ந்தால் உயிர் போய்விடும். எடுத்த கையோடு நட வேண்டும்.

உறையில் பயிர், ரகம், எடுத்த தேதி, எத்தனை செடியிலிருந்து, பக்கத்தில் வேறு என்ன பூத்தது ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். நினைவிருக்கும் என்று நினைப்போம். இருக்காது.

விதைக்கும் முன் எண்ணிப் பாருங்கள்

ஓரளவு நன்றாக வைத்திருந்தால் வெங்காயம் 1 வருடம், வெண்டை, மிளகாய் 2, பீன்ஸ் 3, தக்காளி, கத்தரி, பரங்கி 4, வெள்ளரி 5 என்று தோராயமாகச் சொல்லலாம். உங்கள் ஜாடியில் உள்ளது எப்படி என்பதைச் சோதித்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

விதைப்புக்கு மூன்று வாரம் முன்பு 20 விதையை எண்ணி, ஈரமான மெல்லிய துணியில் சுருட்டி, ஜிப் கவரில் போட்டு, கதகதப்பான இடத்தில் வையுங்கள். துணி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக்கூடாது. பயறும் வெள்ளரியும் ஒரு வாரத்துக்குள் சொல்லிவிடும். மிளகாய், கத்தரி, பாகலுக்கு இரண்டு வாரம் பொறுங்கள். 16 முளைத்தால் 80 சதவீதம், வழக்கம்போல விதைக்கலாம். 10 முளைத்தால் இரண்டு மடங்கு விதையுங்கள், இந்தப் பருவத்திலேயே புது விதையும் எடுத்துவிடுங்கள். இரண்டோ மூன்றோதான் முளைத்தது, ரகமும் வேறெங்கும் கிடைக்காதது என்றால், ஜாடியில் உள்ள எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். முளைத்த அந்த இரண்டு மூன்றையும் தூக்கிப் போடாமல், வேர் ஒடியாதபடி எடுத்துத் தொட்டியில் நட்டுவிடுங்கள்.